மேனிபோல்டு கேஸ்கெட்: மெல்லிய தகடு, பெரிய காவல்

 

உங்கள் வீட்டில் குக்கர் இருக்கிறதா? அதன் மூடியின் உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதைக் கேஸ்கெட் என்று சொல்கிறோம். அது பழசாகிவிட்டால் என்ன ஆகும்? மூடியின் ஓரத்தில் ஆவி சீறும். விசில் வராது. பருப்பு வேகாது. புது வளையம் வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

காரின் என்ஜினிலும் கேஸ்கெட் உண்டு. இரண்டு இரும்புப் பாகங்களைச் சேர்த்து முடுக்கினாலும், நடுவில் கண்ணுக்குத் தெரியாத சந்து இருக்கும். அந்தச் சந்தை அடைப்பதே கேஸ்கெட்டின் வேலை. ஒரே என்ஜினில் பல இடங்களில் பல கேஸ்கெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு. அதன் பெயர் மேனிபோல்டு கேஸ்கெட்.

குக்கர் கேஸ்கெட் போனால் சமையல் கெடும். மேனிபோல்டு கேஸ்கெட் போனால் பெட்ரோல் வீணாகும். சில நேரம் காருக்குள் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து வரும். ஆகவே, கார் ஓட்டுபவரும் பட்டறையில் வேலை செய்பவரும் இதை அறிந்திருக்க வேண்டும். காரில் உட்கார்ந்து போகிறவரும் அறிந்திருந்தால் நல்லது.

என்ஜினின் மூச்சு

அம்பாசடர் காரை இந்தியாவில் பார்க்காதவர்கள் குறைவு. மேற்கு வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டம் இருக்கிறது. அங்கே உத்தர்பாரா என்ற ஊரில் இந்தக் காரைச் செய்தார்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற காரைப் பார்த்துச் செய்த கார் இது. 1950களின் கடைசியில் வெளிவரத் தொடங்கியது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது.  ஆனாலும் பழைய அம்பாசடர்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் பாதுகாப்பாக ஓட்ட வேண்டும் அல்லவா?

பழைய பெட்ரோல் அம்பாசடரின் என்ஜினில் 4 சிலிண்டர்கள் உண்டு. அதன் அளவு 1489 சி.சி. நாம் மூச்சை இழுத்து விடுவது போல, இந்த என்ஜினும் மூச்சை இழுக்கிறது, விடுகிறது. பெட்ரோல் மட்டும் இருந்தால் என்ஜின் ஓடாது. காற்றும் வேண்டும். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய, சுமார் 15 கிலோ காற்று தேவை.

கார்புரேட்டர் இந்தக் காற்றையும் பெட்ரோலையும் அளவாகக் கலக்கிறது. அந்தக் கலவை ஒரு குழாய் வழியாக என்ஜினுக்குள் போகிறது. இதுதான் இன்லெட் மேனிபோல்டு. அதாவது, மூச்சை இழுக்கும் குழாய். எரிந்த புகை இன்னொரு குழாய் வழியாக வெளியே வருகிறது. இதுதான் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. அதாவது, மூச்சை விடும் குழாய். அங்கிருந்து புகை சைலன்சருக்குப் போய், காரின் பின்பக்கம் வெளியேறுகிறது.

சில கார்களில் இந்த இரண்டு குழாய்களும் என்ஜினின் இரண்டு பக்கங்களில் இருக்கும். அம்பாசடரின் இந்த என்ஜினில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேஸ்கெட்தான். அது நீளமான, மெல்லிய தகடு. அதில் காற்று போக வழியும் புகை வர வழியும் வெட்டப்பட்டிருக்கும். ஒரு புறம் குளிர்ந்த கலவை போகிறது. அதை ஒட்டியே பல நூறு டிகிரி சூட்டில் புகை வருகிறது. ஒவ்வொரு முறை வண்டி ஓடும்போதும் இரும்பு சூடாகி விரிகிறது. நின்றதும் குளிர்ந்து சுருங்குகிறது. நடுவில் இருக்கும் தகடு எத்தனை ஆண்டுகள் தாங்கும்? ஒரு நாள் அது கருகும், அல்லது கிழியும்.

இரண்டு வகைக் கசிவு

இளநீர் குடிக்கும் குழலில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? உறிஞ்சினால் இளநீரோடு காற்றும் வரும். மூச்சை இழுக்கும் குழாயின் பக்கம் கேஸ்கெட் கிழிந்தாலும் இதே கதைதான். கார்புரேட்டர் அளந்து அனுப்பாத காற்று, ஓட்டை வழியாக உள்ளே புகுந்துவிடும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. வண்டி நிற்கும்போது என்ஜின் ஒரே சீராக ஓடாது. ஏறி இறங்கி நடுங்கும். காலையில் எளிதில் கிளம்பாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் திக்கும். காது கொடுத்துக் கேட்டால் 'உஸ்' என்ற சத்தம் வரும்.

சிலர் இதற்குக் கார்புரேட்டரின் ஸ்குரூவைத் திருகிவிடுகிறார்கள். என்ஜின் வேகமாக ஓடும். நடுக்கம் மறைந்தது போல இருக்கும். ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும். நோய்க்கு மருந்து கொடுக்காமல், நோயாளியின் முனகலை மட்டும் நிறுத்தியது போலத்தான் இது.

மூச்சை விடும் குழாயின் பக்கம் கிழிந்தால் காற்று உள்ளே போகாது. புகைதான் வெளியே வரும். அப்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். என்ஜின் வேகமெடுத்தால் சத்தமும் வேகமெடுக்கும். கசியும் இடத்தில் அடுப்புக்கரி போலக் கறுப்பு படிந்திருக்கும்.

'சூடானால் சத்தம் நின்றுவிடுகிறதே!'

கொல்கத்தாவில் ஒருவர் 1988-ல் செய்த அம்பாசடர் கார் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு மெக்கானிக்கிடம் போகிறார். அந்த ஊரில் மெக்கானிக்கை மிஸ்திரி என்று கூப்பிடுவார்கள். மிஸ்திரி இவரை 'தாதா' என்று அழைப்பார். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

"மிஸ்திரி, காலையில் வண்டியை எடுத்தால் டக் டக் என்று சத்தம். கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுகிறது. சூடானால் தானே சரியாகிவிடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?"

"விடக் கூடாது, தாதா. இரும்பு சூட்டில் விரிகிறது. அதனால் சந்து கொஞ்சம் மூடுகிறது. ஓட்டை ஆறவில்லை. நாளைக்கு அது பெரிதாகும். வண்டியில் போகும்போது யாருக்காவது தலைவலி வருகிறதா?"

"ஆமாம். வீட்டில் அவளுக்குத் தலைவலி. பின் சீட்டில் குழந்தை ஏறியதுமே தூங்கிவிடுகிறது."

மிஸ்திரி உடனே வண்டியின் சாவியைக் கேட்கிறார். "வேலை முடியும் வரை இந்த வண்டியில் யாரும் ஏறக் கூடாது" என்கிறார்.

மிஸ்திரி ஏன் இப்படிப் பயப்படுகிறார்? பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. புகை நாற்றம் தெரிந்தால் நாம் விழித்துக்கொள்வோம். இந்த வாயு மட்டும் தனியே வந்தால் மூக்குக்குத் தெரியாது. 1988-ல் வந்த காரில் புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் கிடையாது.

என்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் இருக்கிறது. ஒயர்களும் கம்பிகளும் போக அதில் துளைகள் உண்டு. பழைய வண்டியில் அந்தத் துளைகளின் ரப்பர் போயிருக்கும். கசியும் புகை அந்த வழியாக உள்ளே வரும்.

நம் இரத்தம் ஆக்சிஜனை உடலெங்கும் சுமந்து செல்கிறது. இந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜனுக்கு இடம் இல்லாமல் போகிறது. முதலில் தலைவலி வரும். பிறகு தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு. பிறகு மயக்கம். கடைசியில் மரணம். பின் சீட்டில் குழந்தை தூங்குகிறது என்று நினைப்போம். அது தூக்கமா, மயக்கமா என்று யாருக்குத் தெரியும்?

காரில் போகும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் சந்தேகப்படுங்கள். உடனே வண்டியை நிறுத்துங்கள். என்ஜினை அணையுங்கள். எல்லோரும் இறங்கிக் காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். மயக்கம் இருந்தால் 112 எண்ணுக்குப் பேசுங்கள். மருத்துவமனையில், "கார் புகையாக இருக்கலாம்" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எந்த வண்டியின் என்ஜினையும் ஓடவிடாதீர்கள்.

கசிவைக் கண்டுபிடிப்பது

மிஸ்திரி வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துகிறார். என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கிறது. பிறகுதான் கிளப்புகிறார். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொள்கிறார். கழுத்துத் துண்டை எடுத்துத் தள்ளி வைக்கிறார். சுற்றும் விசிறியில் துணி மாட்டினால் ஆளையே இழுத்துவிடும்.

பூவாளி போலத் தெளிக்கும் சிறு பாட்டிலில் சோப்புத் தண்ணீர் வைத்திருக்கிறார். மூச்சை இழுக்கும் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் சிறிது தெளிக்கிறார். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு கணம் அடைக்கும். என்ஜினின் ஓட்டம் மாறும். மூச்சை விடும் குழாயின் பக்கம் தெளித்தால் குமிழி வரும்.

இந்தச் சோதனையைப் பெட்ரோல் தெளித்துச் செய்கிறவர்களும் உண்டு. அது கொள்ளி வைப்பதற்குச் சமம். ஒருபோதும் செய்யாதீர்கள். என்ஜின் சூடேறிய பிறகு தண்ணீரும் தெளிக்காதீர்கள். சூடான வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

கழற்றும் வேலை

என்ஜின் முழுவதும் குளிரும் வரை மிஸ்திரி காத்திருக்கிறார். முதல் நாள் மாலையே நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விடுகிறார். பழைய நட்டு சூட்டில் இறுகிப் போயிருக்கும். அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் முறிந்துவிடும். ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலை ஆகிவிடும்.

மறுநாள் முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றுகிறார். பிறகு ஏர் கிளீனரை எடுக்கிறார். கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைக்கிறார். சிந்திய பெட்ரோலைத் துடைக்கிறார். பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைக்கக் கூடாது.

அவருடைய உதவியாளர் ஒரு நல்ல காரியம் செய்கிறார். காகிதத் துண்டுகளில் எழுதி, கழற்றிய ஒவ்வொன்றிலும் ஒட்டுகிறார். 'பெட்ரோல் குழாய்', 'ஆக்சிலேட்டர் கம்பி', 'முன் நட்டு', 'நடு நட்டு' என்று எழுதுகிறார். பூட்டும்போது தேட வேண்டியதில்லை. எது எங்கே என்று சண்டையும் இல்லை.

சைலன்சர் குழாயைப் பிரித்த பிறகு, மேனிபோல்டு நட்டுகளைத் தளர்த்துகிறார்கள். இரண்டு ஓரங்களிலும் தொடங்கி நடுவுக்கு வருகிறார்கள். ஒரே நட்டை ஒரேயடியாகக் கழற்றுவதில்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறார்கள். அப்படிச் செய்தால் குழாய் கோணாது. சில நட்டுகளின் அடியில் தடித்த வாஷர் இருக்கும். அது இரண்டு குழாய்களின் விளிம்பையும் சேர்த்து அழுத்தும். அந்த வாஷரைத் தொலைக்கக் கூடாது.

தூசியில் ஒளிந்திருக்கும் எமன்

குழாய்கள் வெளியே வந்துவிட்டன. பழைய கேஸ்கெட் என்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். காய்ந்த கேஸ்கெட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். உப்புத்தாள் போடுகிறார்கள். பிறகு ஏர் பிரஷர் வைத்து ஊதுகிறார்கள். பட்டறை முழுவதும் தூசி பறக்கிறது.

அந்தத் தூசியில் என்ன இருக்கிறது? சூடு தாங்குவதற்காகப் பழைய கேஸ்கெட்டுகளில் கல்நார் கலந்தார்கள். கல்நார் என்பதைத்தான் ஆஸ்பெஸ்டாஸ் என்கிறார்கள். அதன் இழை கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். நுரையீரல் இறுகிப் போகும் நோய் வரும். புற்றுநோயும் வரலாம். நோய் உடனே தெரியாது. பத்து, இருபது, நாற்பது ஆண்டுகள் கழித்தும் வரும். இளம் வயதில் உதவியாளராகச் சேர்ந்தவர், பேரன் பேத்தி எடுக்கும் வயதில் மூச்சுத் திணறுவார். அன்று ஊதிய தூசி யாருக்கும் நினைவிருக்காது.

1995 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்கள் பற்றிய வழக்கில் ஒரு தீர்ப்பு அளித்தது. தொழிலாளியின் உடல்நலம் அவருடைய அடிப்படை உரிமை என்று அதில் சொன்னது. கல்நார்த் தொழில் நடத்துபவர்கள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றும் சொன்னது. ஏன் 40 ஆண்டுகள்? நோய் அவ்வளவு தாமதமாக வரும் என்பதால்தான்.

நம் மிஸ்திரி என்ன செய்கிறார்? பழைய கேஸ்கெட்டில் கல்நார் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறார். முதலில் அதன் மேல் தண்ணீர் தெளித்து நன்றாக நனைக்கிறார். காற்று வழிகளைத் துணியால் அடைக்கிறார். எத்தனை துணி வைத்தார் என்று எண்ணி எழுதிக்கொள்கிறார். பிறகு தட்டையான கத்தியால், ஈரம் காயாமல், மெதுவாகச் சுரண்டி எடுக்கிறார். சுரண்டியதை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுகிறார். ஈரத் துணியால் துடைக்கிறார். அந்தத் துணியையும் பையில் போடுகிறார். ஊதுவதில்லை, பெருக்குவதில்லை.

முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது. நுண்ணிய இழை அதைத் தாண்டிப் போகும். நுண்தூசி தடுக்கும் முகமூடி வேண்டும். முகமூடி இருந்தாலும் நனைக்காமல் சுரண்டக் கூடாது. பட்டறைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துப் போடக் கூடாது. அதை உதறித் துவைக்கும் தாய்க்கும் மனைவிக்கும் அந்தத் தூசி போய்ச் சேரும்.

பூட்டும் வேலை

இனிப் புதிய கேஸ்கெட் வாங்க வேண்டும். கொல்கத்தாவில் மல்லிக் பஜார் பழைய கார் சாமான்களுக்குப் பெயர் பெற்ற இடம். மிஸ்திரி அங்கே போகிறார். என்ஜின் எந்த வகை என்று சொல்லிக் கேட்கிறார். கல்நார் கலக்காததுதான் வேண்டும் என்கிறார். பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்கிறார். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால் கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லலாம். கேட்பதில் வெட்கம் இல்லை.

பட்டறைக்கு வந்ததும் புதிய கேஸ்கெட்டை என்ஜின் மேல் வைத்துப் பார்க்கிறார். எல்லா வழிகளும் சரியாகப் பொருந்த வேண்டும். தகடு ஒரு வழியை மறைத்தாலும் அது உதவாது. குழாயின் முகத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்க்கிறார். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் குழாய் கோணிப் போயிருக்கிறது. விரிசலும் இருக்கக் கூடாது. கோணிய குழாயை லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் புதிய கேஸ்கெட் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

இப்போது அடைத்த துணிகளை எடுக்கிறார். எழுதிய எண்ணிக்கையோடு ஒத்துப் பார்க்கிறார். 5 வைத்தால் 5 வெளியே வர வேண்டும்.

அட்டையை வெட்டிப் போடுவதும், பழையதைத் திருப்பிப் போடுவதும் தவறு. புகை வழியின் சூட்டில் அட்டை கருகிவிடும். புதிய கேஸ்கெட்டைப் பசை எதுவும் தடவாமல் உலர்ந்தபடியே வைக்கிறார். குழாய்களைப் பொருத்துகிறார். எல்லா நட்டுகளையும் முதலில் கையாலேயே திருகுகிறார். பிறகு ஸ்பேனர் போடுகிறார். கழற்றியதற்கு நேர் மாறாக, நடுவில் தொடங்கி ஓரங்களுக்குப் போகிறார். ஒரு சுற்று இலேசாக; அடுத்த சுற்று கொஞ்சம் இறுக்கமாக; மூன்றாவது சுற்றில் சரியான இறுக்கம். எவ்வளவு இறுக்கம் என்பது அந்த வண்டியின் பழுதுபார்க்கும் புத்தகத்தில் இருக்கும். பலம் இருக்கிறதே என்று முழுப் பலத்தையும் காட்டினால் வார்ப்பிரும்புக் காது ஒடிந்துவிடும்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, பெட்ரோல் கசிகிறதா என்று பார்க்கிறார். பாட்டரியை இணைக்கிறார். வண்டியைக் கிளப்புகிறார். 'டக் டக்' இல்லை. மறுபடியும் சோப்புத் தண்ணீர் தெளிக்கிறார். குமிழி இல்லை. தகரச் சுவரின் துளைகளுக்கும் புது ரப்பர் போடுகிறார்.

வேலை இன்னும் முடியவில்லை. வண்டி ஒரு முறை நன்றாகச் சூடாகி, முழுவதும் குளிர்ந்த பிறகு, நட்டுகளை மீண்டும் ஒரு முறை சரிபார்க்கிறார். புதிய கேஸ்கெட் சூட்டில் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அதன் பிறகுதான் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார்.

நினைவில் வையுங்கள்

'டக் டக்' சத்தம் சூட்டில் நின்றாலும் கசிவு நிற்கவில்லை.

காரில் எல்லோருக்கும் தலை வலித்தால், வண்டியை நிறுத்தி வெளியே வாருங்கள்.

சோதிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோல் வேண்டாம்.

பழைய கேஸ்கெட்டை நனைத்துச் சுரண்டுங்கள். காய்ந்ததைத் தேய்க்காதீர்கள், ஊதாதீர்கள்.

கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு. பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு.

நண்பர்களே! வண்டி பழையதாக இருக்கலாம். அதில் போகும் உயிர்கள் பழையவை அல்ல. அதைப் பழுது பார்க்கும் கைக்காரரின் நுரையீரலும் ஒன்றுதான். மாற்றுச் சாமான் கிடைக்காது. சத்தம் கேட்டால் தள்ளிப் போடாதீர்கள். பட்டறையில் யாராவது தூசியை ஊதினால், "நனைத்துச் செய்யுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.